எங்கள் வீட்டு சர்பத்

சித்தப்பா குவைத்துக்குப் புறப்பட இருந்த வாரத்தில்தான் எங்கள் ஊரில் வாந்திபேதி வந்தது. எனக்குப் பத்து வயது. ஊர், திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில், பெரிய சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே. கடல் பக்கம் என்பதால் எங்கே தோண்டினாலும் உப்புத்தண்ணீர்தான் வரும். குடிக்கிற மாதிரி தண்ணீர் தந்தது எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரே ஒரு அடிபம்பு. அதை விட்டால் குளம். சித்திரை மாதத்தில் குளம் என்பது பெயருக்குத்தான். மேட்டூர் திறந்து, தண்ணீர் எங்கள் வாய்க்கால் வரை வந்து சேர இன்னும் மாதக்கணக்கு இருந்தது. குளத்தில் இடுப்பளவுக்குப் பச்சையாக ஏதோ கிடந்தது. மாடுகள் அதில் படுத்திருக்கும்.

வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு போகத் தொடங்கியிருந்த காலம் அது. பெரிய சாலையில் எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. அப்பா சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இருந்தார். அவருடைய தம்பி, சித்தப்பா, ஏ.சி. மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு இரண்டு வருடம் காத்திருந்து குவைத் விசா வாங்கியிருந்தார். வியாழக்கிழமை மெட்ராஸில் விமானம். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தாத்தா ஊருக்கே விருந்து வைத்தார். அம்மா எங்கள் ஊருக்கும் பக்கத்து மூன்று ஊர்களுக்கும் கிராம சுகாதார நர்ஸ். அன்று அவளுக்கு வேறொரு ஊரில் சொட்டு மருந்து முகாம் இருந்ததால் விருந்துக்கு மதியத்துக்கு மேல்தான் வந்து சேர்ந்தாள். நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைப்பதுண்டு.

விருந்தென்றால் சோறும் கறியும் எல்லோரும்தான் போடுகிறார்கள். சித்தப்பாவுக்கு ஐஸ் வேண்டியிருந்தது. ஐஸ் போட்ட நன்னாரி சர்பத். குளிர்சாதன வேலைக்குப் போகிறவன் வீட்டு விருந்தில் பானைத் தண்ணீரா என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்ததாகவே எனக்குப் பட்டது. விடிந்ததும் கடலோரத்துக்குப் போய், மீனுக்குப் போடுகிற ஐஸ் பார் ஒன்றை உமியில் புதைத்துச் சாக்கில் சுற்றி, மொபெட்டின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். சொட்டுச் சொட்டாக வழியெல்லாம் கோடு விழுந்திருந்தது. நான் சாலை முனைக்கே போய்க் காத்திருந்து, கூடவே ஓடி வந்தேன்.

சாக்கைப் பிரித்தால் ஐஸ் முழுக்க உமி அப்பியிருந்தது. அடிபம்பில் விருந்துப் பாத்திரங்கள் வரிசை கட்டி நின்றன. சித்தப்பா மொபெட்டைக் குளத்தின் பக்கம் திருப்பினார்.

“உமியக் கழுவிட்டா கண்ணாடி மாதிரி இருக்கும் பாரு” என்றார்.

இருந்தது. ஒரு முனையை அவரும் மறு முனையை நானும் சாக்கோடு பிடித்துத் தண்ணீரில் முக்கி எடுத்தபோது, உள்ளே வெள்ளையாக ஒரு மூச்சு உறைந்திருப்பது போலத் தெரிந்தது. விரல்கள் மரத்துப்போயின. அதை நான் அன்று முழுவதும் தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உலக்கையால் உடைத்துப் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டார்கள். சர்பத்தைக் குடித்தவர்களை விட, ஐஸ் துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தவர்கள் அதிகம். அரிசி மில்காரர் மட்டும் இரண்டையும் செய்தார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விருந்து முடிந்ததும் மிஞ்சியதையெல்லாம் அண்டாவோடு தெற்குத் தெருவுக்கு அனுப்பிவிடுவார்கள். பந்தல் போட்டவர்கள், வயலில் நடவு நட்டவர்கள் எல்லோரும் அந்தத் தெருக்காரர்கள். அவர்களைப் பந்தியில் உட்காரவைப்பதில்லை. அனுப்புவதைத் தாராளம் என்று சொல்லிக்கொள்வோம். அன்று சாயங்காலம் டிரம்மில் பாதி சர்பத் மிச்சமிருந்தது. ஐஸ் கரைந்து, வெயிலில் நின்று, வெதுவெதுப்பாகியிருந்தது. அதுவும் போனது.

செவ்வாய்க்கிழமை காலையில் மாட்டுக்கொட்டகை கூட்டத் தெற்குத் தெருப் பாக்கியம் வரவில்லை. அவருடைய மகன் ஓடி வந்தான். அம்மா பையை எடுத்துக்கொண்டு போனவள் பத்து மணிக்குத் திரும்பி, முழங்கை வரை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஜீப் வந்தது. டாக்டர் தெற்குத் தெருப் பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கம்பிகளில் சலைன் பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டார். கழிவை ஒரு சின்னக் குப்பியில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பாக்கியம் கண் குழிந்து, தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நிற்கிற நிலையில் படுத்திருந்தார். முந்தாநாள் எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டே இலை எடுத்தவர்.

எங்கள் தெருவில் யாருக்கும் வாந்திபேதி இல்லை. எல்லோருக்கும் வெயில் சூடு. அதற்கு வெந்தயமும் மோரும் குடித்தார்கள். கொல்லைப் பக்கம் போய்வந்துகொண்டே இருந்தார்கள். ஒரே வியாதிக்குத் தெருவுக்குத் தெரு வேறு பெயர் இருந்தது.

மதியம் அரிசி மில்காரர் அடிபம்பின் கைப்பிடியில் சங்கிலி போட்டுப் பூட்டினார். எங்கள் தெருவுக்கு வேண்டும்போது திறப்பது, தெற்குத் தெருக் குடங்கள் பக்கத்தில் வரக்கூடாது என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவாயிற்று. தாத்தாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அம்மா நேராக மில்லுக்கே போனாள். நான் பின்னால் போனேன்.

“பம்பைப் பூட்டுனா அவங்க குளத்துத் தண்ணியத்தான் குடிப்பாங்க. செத்துப்போவாங்க” என்றாள்.

“நர்ஸம்மா, உங்க வேல ஊசி போடுறது. வியாதி அங்கேருந்து கெளம்புனது ஊருக்கே தெரியும். தொட்ட கையோட இங்க வந்து பம்ப அடிச்சா நம்ம புள்ளைங்களுக்கும் ஒட்டிக்கும்ல?”

“அங்கேருந்து கெளம்பலன்னா?”

“கெளம்பலன்னு காட்டுங்க. சாவியக் கையில குடுத்துடுறேன்” என்றார். சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அம்மா வீட்டுக்கு வந்து, விருந்துக்குத் தோண்டிய அடுப்பைப் பற்றவைத்தாள். எங்கள் வீட்டுத் தொட்டியில் இருந்த தண்ணீரையெல்லாம் அண்டாவில் கொதிக்கவைத்துத் தெற்குத் தெருவுக்கு வண்டியில் அனுப்பினாள். ஒரு நாளைக்குத்தான் அது காணும். பிறகு ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தாள். கோடை விடுமுறை என்பதால் நான் வீட்டில் சும்மா இருந்தேன். உப்புக்கரைசல் பாக்கெட்டுகள் இருந்த பையை என் தோளில் மாட்டி, கூட வரச் சொன்னாள்.

முதலில் தெற்குத் தெரு, பிறகு எங்கள் தெரு. வீடு வீடாகப் போய் ஒரே கேள்விகளைத்தான் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிட்டீங்க, என்ன குடிச்சீங்க, எப்ப ஆரம்பிச்சுது. மூன்று பத்தி. வேறொன்றும் எழுதவில்லை. தெற்குத் தெருவில் பளிச்சென்று பதில் வந்தது. எங்கள் தெருவில்தான் நேரமாயிற்று.

“என்ன நர்ஸம்மா, விருந்து போட்டுட்டு இப்ப ரசீது எழுதுறீங்களா?” என்று ஒரு வீட்டில் கேட்டார்கள்.

“ஆமா. எத்தன கரண்டி கறின்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்றாள் அம்மா. சிரித்தார்கள். சிரித்த பிறகு உண்மையைச் சொன்னார்கள்.

வாத்தியார் வீட்டு அம்மாவுக்கு டான்சில். கறி, சோறு, பாயசம் எல்லாம் சாப்பிட்டார், குளிர்ச்சியாக எதையும் தொடவில்லை. அவருக்கு ஒன்றும் இல்லை. வாத்தியாருக்கு இரவெல்லாம் வெயில் சூடு. மளிகைக்கடைக்காரர் கடையை விட்டு வர முடியாமல் பந்தியில் உட்காரவே இல்லை. வழியில் நின்று இரண்டு தம்ளர் சர்பத் மட்டும் குடித்தார். கல்லாவுக்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்திருந்தார். தெற்குத் தெருவில் ஒரு வீட்டில் அண்டா போய்ச் சேர்வதற்குள் எல்லோரும் கூத்துப் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் நன்றாக இருந்தார்கள்.

அம்மா நடுத்தெருவில், வேப்பமரத்து நிழலில் நின்று நோட்டைப் பார்த்தாள். மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை. பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஐஸ் வந்துச்சுல்ல. உமிய எங்க கழுவுனாங்க?”

“குளத்துல” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். “ஒரு பக்கம் நாந்தான் புடிச்சேன்.”

“எந்தத் துறையில?”

“மாட்டுத் துறை. அங்கதான் மொபெட்டு எறங்கும்.”

“யாரு யாரு இருந்தீங்க?”

“நானும் சித்தப்பாவும்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா பேனாவை உதறி எழுதினாள். மற்றவர்களை எழுதியது போலவே, என் பெயரை இனிஷியலோடு, வயது பத்து என்று போட்டு, நான் சொன்னதை அப்படியே எழுதினாள். எழுதி முடித்ததும், “நீ குடிச்சியா?” என்று கேட்டாள். நான் பாயசம் குடித்து வயிறு நிரம்பிப் போய்க் கொஞ்சம்தான் குடித்திருந்தேன். காலையிலிருந்து இரண்டு முறை போயிருந்ததைச் சொல்லவில்லை. இப்போது சொன்னேன். அவள் அதையும் எழுதி, அங்கேயே ஒரு பாக்கெட்டைப் பிரித்து, தான் கொண்டுவந்திருந்த கொதித்து ஆறிய தண்ணீரில் கலக்கிக் கொடுத்தாள்.

வீட்டில் சித்தப்பா கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். பெட்டி கட்டியாகிவிட்டது. மேலே அவர் பெயரைப் பெயின்ட்டில் எழுதியிருந்தார்கள். காலையிலிருந்து அவர் சவுக்குத் தோப்புக்கு எத்தனை முறை போனார் என்பது எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். அம்மாவிடம் சத்தியத்துக்கு வேலை இருக்கவில்லை. அவர் உதடு காய்ந்திருந்ததைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

அம்மா நோட்டைத் தாத்தாவின் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னாள். தாத்தா நோட்டை மூடி அவள் பக்கமே தள்ளினார்.

“வியாழக்கெழம வரைக்கும் வாயத் தொறக்காதம்மா. அவன் ப்ளேன் ஏறட்டும். அப்பறம் என்ன வேணா எழுதிக்க” என்றார். காலரா வந்த வீடு என்று எழுதிவிட்டால் சித்தப்பாவை யாரும் எங்கேயும் அனுப்பமாட்டார்கள் என்பது அவர் பயம். வியாழக்கிழமை போகாவிட்டால் விசா வாங்கித் தந்த ஏஜென்ட் வேறு ஆளை அனுப்பிவிடுவான். இரண்டு வருடக் காத்திருப்பு.

“வியாழக்கெழம வரைக்கும் பம்பு பூட்டியிருக்கும் மாமா.”

“தெற்குத் தெருவுக்கு வாந்திபேதி புதுசா?”

அம்மா கோபப்படவில்லை. “உங்க சின்ன வயசுல ஒருதரம் வந்துச்சுன்னு சொல்வீங்களே. அப்ப நம்ம வீட்டுல என்ன பண்ணாங்க?” என்று, நோட்டில் எழுதக் கேட்பது போலவே கேட்டாள்.

“என்ன பண்றது? வண்டி கட்டிக்கிட்டு மன்னார்குடி போயிட்டோம். எங்கப்பா கெணத்துக்குப் பலக போட்டு மூடிப் பூட்டுனாரு. தீட்டாயிடும்னு.”

“அப்ப அவங்க எந்தத் தண்ணியக் குடிச்சாங்க?”

“குளத்துத் தண்ணிதான்” என்று சொல்லிவிட்டுத் தாத்தா நிறுத்தினார். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று அம்மா கேட்கவில்லை. அவரே, “திரும்பி வந்தப்ப அறுப்புக்கு ஆளில்ல” என்றார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் இறங்கியிருந்தது, வியர்வை இல்லை.

அம்மா கட்டிலுக்குத் திரும்பினாள். “தம்பி, நாளைக்கு பஸ் ஏறுனா மெட்ராஸ் போறதுக்குள்ள எத்தன எடத்துல எறங்குவீங்க?”

“அண்ணி, ஏஜென்ட் வேற ஆள அனுப்பிடுவான் அண்ணி.”

“அனுப்பட்டும். ப்ளேன்ல உங்க பக்கத்துல உக்காரப்போறவனும் ஒரு வீட்டுல சர்பத் குடிச்சுட்டுத்தான் வந்திருப்பான். பக்கத்துல வியாதி உக்காந்திருக்குன்னு அவனுக்கு யாரு சொல்றது?”

சித்தப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அழுதேன். அம்மா வாய்க்கு ஒரு பூட்டு இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பம்படியில் எங்கள் தெரு முழுவதும் கூடியிருந்தது. கொஞ்சம் தள்ளி, புளியமரத்துக்கு அந்தப் பக்கம், தெற்குத் தெருப் பெண்கள் வெறும் குடங்களோடு நின்றார்கள். அம்மா வெள்ளைச் சேலையில், நோட்டோடு போனாள். சத்தமாகப் பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்றும் பேசவில்லை. அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

“வியாதி தெற்குத் தெருவுல இருந்து இங்க வரல. எங்க வீட்டுல இருந்து அங்க போனது. எங்க வீட்டு ஐஸ மாட்டுத் துறையில கழுவுனாங்க. அதப் போட்ட சர்பத்தக் குடிச்சவங்களுக்குத்தான் வந்திருக்கு. குடிக்காதவங்களுக்கு வரல. இந்தத் தெருவுல யாராருக்கு வந்திருக்குன்னு நான் படிக்கல. எழுதி வெச்சிருக்கேன்.”

கூட்டத்தில் பலர் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள்.

“உங்களுக்கு என்ன பைத்தியமா நர்ஸம்மா?” என்றார் அரிசி மில்காரர். “சொந்த வீட்டு மேலயே யாராவது பழியப் போட்டுக்குவாங்களா?”

“நீங்க எத்தன தம்ளர் குடிச்சீங்க?”

“நானா? ஒரு... மூணு.”

“நேத்துலேருந்து எத்தன தடவ போனீங்க?”

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். மில்காரர் தாத்தாவைப் பார்த்தார், இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா என்பது போல. தாத்தா, “அவ சொல்றதுதான் நெசம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து, கைலியை இறுக்கிப் பிடித்தபடி சித்தப்பா வந்தார். வேலியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

“கழுவுனது நாந்தாங்க. குளத்துல கழுவுனது நாந்தான்” என்றார். யார் கழுவியது என்று அம்மா சொல்லியிருக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மில்காரர் சாவியை அம்மாவின் கையில் வைத்துவிட்டு அவசரமாக நடந்தார். அவருடைய அவசரத்துக்குக் காரணம் இப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் வேலை. பம்பைச் சுற்றிச் சாக்கடை ஓடாமல் மண் போட்டார்கள். குளத்தின் நான்கு துறையிலும் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் வாடை. எங்கள் தெருவிலும் பாக்கெட் கேட்டு வாங்கிக் குடித்தார்கள், வெயில் சூட்டுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே. அம்மா வீட்டுக்கு வீடு கஞ்சியில் எத்தனை சிட்டிகை உப்பு என்று காட்டிக்கொடுத்தாள். பரிசோதனை முடிவு வந்தபோது அதில் தாத்தா பயந்த ‘காலரா’ என்ற வார்த்தையே இருந்தது. பதிவேட்டில் ‘தொற்றின் மூலம்’ என்ற இடத்தில் அம்மா எங்கள் வீட்டுக் கதவு எண்ணை எழுதினாள். ஒருவர்கூடச் சாகவில்லை. பாக்கியம் பத்தாம் நாள் எழுந்து நடந்தார். இந்த வாக்கியங்களை எழுதும்போது என் முதுகு தானாக நிமிர்வதை நான் மறைக்க விரும்பவில்லை.

அந்த வயதில் நிமிரவில்லை. வியாழக்கிழமை விமானம் போனது, சித்தப்பா போகவில்லை. ஏஜென்ட் சொன்னபடியே வேறு ஆளை அனுப்பினான். சித்தப்பா எழுந்து நடமாடத் தொடங்கியதும், கொதிக்கவைத்த தண்ணீரை வண்டியில் ஏற்றி நாள்தோறும் தெற்குத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார். அம்மா சொல்லி அல்ல. நான் அதை அவருக்குக் கிடைத்த தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகள் என்னை ‘மாட்டுத்துறை சர்பத்து’ என்றார்கள். எங்கள் வீட்டைப் பற்றி எங்களைத் தவிர வேறு யாரும் இவ்வளவு கேவலமாகச் சொல்லியிருக்க முடியாது என்று நான் நம்பினேன். தெருவில் அம்மாவோடு போக நேர்ந்தால் பத்தடி பின்னால் நடந்தேன்.

ஆடி பிறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு சித்தப்பாவுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. குவைத்தைவிடச் சின்ன வேலை. இந்த முறை விருந்தில்லை. பெட்டியில் பெயரும் எழுதவில்லை. பெரிய சாலையில் பஸ் ஏற்றிவிட நானும் அம்மாவும் தாத்தாவும் போனோம். டீக்கடை வாசலில் இரண்டு பெஞ்சுகள் இருந்தன. ஒன்றில் மில்காரரும் எங்கள் தெருக்காரர்கள் சிலரும். இன்னொன்றில் தெற்குத் தெரு ஆட்கள். அம்மா வேலைக்குப் போகிற வழி என்பதால் வெள்ளைச் சேலையில், பையோடு வந்திருந்தாள்.

எங்களைப் பார்த்ததும் இரண்டு பெஞ்சுகளிலும் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவர் டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டே எழுந்தார். தோளில் கிடந்த துண்டுகள் கைக்கு வந்தன. நடுவில் வழி உண்டாயிற்று. அம்மா எதையும் கவனிக்காதவள் போல அந்த வழியில் நடந்து போய், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இத்தனை நாள் கழித்தும் எங்கள் பக்கத்தில் உட்கார யாருக்கும் மனம் வரவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது.